மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது?

நான் பி.டபிள்யூ.ஐ.யாக இருந்த காலத்தில் ஒரு மழைக்காலக் காலை. தண்டவாளம் ஓரிடத்தில் லேசாகத் தாழ்ந்திருக்கிறது என்று கேங்மேன் ஓடிவந்து சொன்னார். வண்டிகளை நிறுத்திவிட்டுத் தோண்டினோம். எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய செங்கல் வடிகால் ஒன்று இடிந்து, கரைக்குள் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து! அன்று காப்பாற்றியது அந்த மனிதரின் கண். எங்களிடம் இருந்த கருவி எதுவும் அதைச் சொல்லவில்லை.

ஆகவே 2022-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு என்னைக் கவர்ந்தது. சாலைக்கு அடியில் இருந்த இரண்டு மீட்டர் அளவுள்ள சுரங்கத்தை, மண்ணைத் தொடாமல், அணுக்களைக் கொண்டே அறிந்திருக்கிறார்கள்.

முறை இதுதான். ரூபிடியம் அணுக்களை லேசர் ஒளியால் எல்லாப் பக்கமும் தடுத்து வேகத்தைக் குறைத்தால், அவை மைனஸ் 273 டிகிரியை நெருங்கிக் குளிர்கின்றன. பிறகு விழ விடுகிறார்கள். ஒரு லேசர் துடிப்பு, நம் பாயிண்ட் போல, ஒவ்வோர் அணுவின் அலையையும் இரு பாதைகளாகப் பிரிக்கிறது. இரண்டாவது துடிப்பு திருப்புகிறது, மூன்றாவது சேர்க்கிறது. சேரும்போது இரு அலைகளும் எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்பதிலிருந்து அவ்விடத்துப் புவியீர்ப்பு தெரிகிறது. 1991-இல் ஸ்டான்ஃபோர்டில் காசெவிச்சும் ஸ்டீவன் சூவும் இதைச் செய்து காட்டினர்.

பொந்து உள்ள இடத்தில் மண் குறைவு. ஈர்ப்பும் இம்மியளவு குறைவு. ஆனால் சாலை அதிர்வில் அந்த இம்மி மறைந்துவிடும். பர்மிங்ஹாம்காரர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அணுத்திரள்களை ஒரே லேசரால் அளந்தார்கள். அதிர்வு இரண்டையும் ஒன்றுபோல் பாதிக்கும், கழித்தால் போய்விடும். ஈரக் களிமண்ணில் ரேடார் ஆழம் போகாது. ஈர்ப்பை எந்த மண்ணும் மறைக்காது.

அணு விழும் நேரம் இரட்டித்தால் கருவியின் நுட்பம் நான்கு மடங்காகும். அதனால்தான் 2018-இல் நாசா குளிர் அணு ஆய்வுக்கூடம் ஒன்றை விண்வெளி நிலையத்துக்கே அனுப்பியது. வானத்து வேலையை நான் குறை சொல்லவில்லை. தரையையும் பாருங்கள் என்கிறேன்.

2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியது. காலம் 2031 வரை. அளவைக் கருவிகளுக்கான மையம் நம் பவாய் ஐ.ஐ.டி.யில்தான். காந்தமானி, அணுக்கடிகாரம் ஆகியவை அரசின் அறிவிப்பிலேயே உள்ளன. அவற்றோடு, கெடு முடியுமுன் ஓர் அணு ஈர்ப்புமானியாவது ட்ராலியில் ஏறி, 1863 முதல் வண்டி ஓடும் கர்ஜத் – லோனாவளா மலைப்பாதைக்கு வரவேண்டும் என்பது என் கருத்து.

விலை அதிகம், ஒவ்வோர் இடத்திலும் நின்று அளக்க வேண்டும், வெயிலையும் மழையையும் தாங்காது என்பார்கள். உண்மைதான். முதலில் சந்தேகமான இடங்களை மட்டும் அளக்கலாம். தாங்குமா என்பது பாதைக்கு வந்தால்தானே தெரியும்? வடிவமைக்கும்போதே பராமரிப்பு ஆட்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள். டாக்டர் பட்டம் பெற்றவர் மட்டுமே இயக்கக்கூடிய கருவி பீரோவில்தான் தூங்கும்.

பவாயில் படிக்கும், பணிபுரியும் இளைஞர்கள் நம் சங்கத்தில் உண்டு. அவர்கள் இதை அங்கே எடுத்துச் சொல்ல வேண்டும். ட்ராலி தள்ள ஆள் குறைந்தால் நான் வருகிறேன்.