த்ராட்டிலுக்கு முன் பிரேக்

வழக்கமான பெட்ரோல் காரின் பிரேக் மிதி காலுக்கு இலகுவாக இருப்பதற்குக் காரணம் எஞ்சினின் உறிஞ்சல். த்ராட்டில் மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் இழுக்க இழுக்க, இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தம் குறைகிறது. வெளியே சுமார் 100 கிலோபாஸ்கல் என்றால், ஐடிலில் ஓடும் சாதாரண பெட்ரோல் எஞ்சினுக்குள் 30 முதல் 40 வரைதான். இந்த வித்தியாசமே பிரேக் பூஸ்டரின் டயாஃப்ரத்தைத் தள்ளி, கால் கொடுக்கும் விசையைப் பெருக்குகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு மிதியைச் சில முறை அழுத்தினால் அது கல்லாக இறுகிவிடுவதை எவரும் சோதிக்கலாம். பழைய காரில் சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் பொருத்தும் ஆர்வலர்கள் பலர் இந்த வேக்குவத்தை எங்கிருந்து எடுப்பது என்று கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி அது.

தனித்தனி த்ராட்டிலின் கவர்ச்சியில் தவறில்லை. பிஎம்டபிள்யூ இ46 எம்3-இன் 3.2 லிட்டர் எஞ்சினிலும் நிசானின் ஆர்பி26-இலும் ஆறு த்ராட்டில்கள் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே எஞ்சின் பதில் சொல்கிறது. ஆனால் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றின் பொதுவான மேனிஃபோல்டில் எப்போதும் ஏதாவது ஒரு பிஸ்டன் இழுத்துக்கொண்டிருக்கும். சிலிண்டருக்கு ஒன்றாக இன்டேக் குழாய்களைப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒரே ஒரு முறைதான் இழுபடும். நிமிடத்துக்கு 800 சுற்றில் அது 0.15 விநாடிக்கு ஒரு முறை. நடுவே த்ராட்டில் இடுக்கு வழியாகக் காற்று கசிந்து அழுத்தம் மீண்டும் ஏறிவிடுகிறது. ஆகவே ஒரு குழாயில் கிடைப்பது நிலையான வேக்குவம் அல்ல, துடிப்பு.

இதற்குப் பலர் சொல்லும் பதில்: ஒரு குழாயில் ஹோஸைச் செருகி ஒருவழி வால்வு போட்டால் போதும், துடிப்பின் அடி ஆழத்தை பூஸ்டர் பிடித்துவைத்துக்கொள்ளும். பாதி உண்மை. முதல் அழுத்தலுக்கு உதவி இருக்கும். ஆனால் மிதித்தபோது பூஸ்டரில் புகுந்த காற்று முழுவதையும், மிதியை விட்டதும் அந்த ஒரே சிலிண்டர்தான் இழுத்துத் தீர்க்க வேண்டும். அதன் கலவை மெலிகிறது, ஐடில் தடுமாறுகிறது, எஞ்சின் அணையவும் கூடும். நெரிசலில் ஊர்ந்தபடி அடுத்தடுத்து பிரேக் பிடிக்கும் நேரத்தில், பிரேக்குக்கு உதவும் மூலமே நின்றுபோனால் என்ன ஆகும்? எல்லாக் குழாய்களிலிருந்தும் சிறு துளை வழியாக ஒரு பொதுக் குழலுக்கு இணைப்பதே சரி. குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் தனித்தன்மை கெடும் என்ற கவலை, துளை பெரிதாக இருந்தால் மட்டுமே பொருந்தும்.

இன்னொரு சிக்கல், அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். அதற்கு வேண்டியது சிறிய கொள்ளளவும் உடனடி மாற்றமும். பூஸ்டருக்கோ பெரிய இருப்பும் நிலைத்த இழுப்பும். இரண்டையும் ஒருவழி வால்வுக்குப் பின்னால் ஒரே குழலில் கட்டினால், ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகும் சென்சார் பழைய குறைந்த அழுத்தத்தையே காட்டும். அந்த அளவை நம்பிக் கொடுக்கப்படும் எரிபொருள் போதாமல் எஞ்சின் திணறும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பாதை வேண்டும். கூர்மையான கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சினில் ஐடில் வேக்குவமே அற்பம். அங்கே எல்லாக் குழாய்களையும் சேர்த்தாலும் போதாது; மின்சார வேக்குவம் பம்பே நம்பத்தக்கது. டீசல் கார்களில் காலங்காலமாகத் தனி பம்ப் இருப்பதும் இதே காரணத்தால்தான்: உறிஞ்சலை உண்டாக்கும் த்ராட்டில் வழக்கமான டீசலில் இல்லை.

பூஸ்டரையே கழற்றிவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்தயக் கார்களில் அது நடப்பதுதான்; மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தையும் மிதியின் நெம்பு விகிதத்தையும் அதற்கேற்ப மாற்றிய பிறகு. வெறுமனே கழற்றினால் ஓட்டுபவரின் கால் வலிமைதான் பிரேக். இப்படிப்பட்ட வேலையை ஏற்கும் பட்டறைகள் த்ராட்டில் செட்டின் விலையோடு பம்பையும் இருப்புக் கலனையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதித் தர வேண்டும். வண்டியை ஒப்படைக்கும் முன், பூஸ்டர் ஹோஸில் ஒரு அழுத்தமானியை மாட்டி, ஐடிலில் மிதியை அடுத்தடுத்து அழுத்தி, முள் எவ்வளவு விரைவில் மீள்கிறது என்பதை உரிமையாளரின் கண்ணெதிரே காட்ட வேண்டும்.