வேலை தேடித் தருபவர் யாருக்கு வேலை செய்கிறார்?



கல்லூரித் தேர்வுகள் முடிவுறும் காலத்தில் பாடி, கொரட்டூர், வில்லிவாக்கம் வட்டாரத்து இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் பெற்றோர் அதனை என்னிடமும் கொண்டு வருவர். "பையன் பி.காம். முடிக்கிறான் ஹஜ்ரத். கன்சல்டன்சியில் பெயர் பதிந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை வாங்கித் தருவார்களாம். பதினைந்தாயிரம் கேட்கிறார்கள். கட்டலாமா?"

தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் நின்று, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது. ஆகவே இக்கேள்விக்குப் பட்டும் படாமலும் விடை கூறுவது தகாது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியிலிருந்து வெளிவரும் பிள்ளையின் முதல் வேலைக்குக் கன்சல்டன்சியால் ஆகக்கூடிய உதவி மிகச் சிறிது. இரண்டாவது, மூன்றாவது வேலைக்கு அதன் உதவி பெரிது. பிள்ளையிடமே பணம் கேட்கும் கன்சல்டன்சியோ எந்த வேலைக்கும் உதவாது. காரணங்களை இனிப் பார்ப்போம்.

கூலி கொடுப்பவர் யார்?

'வேலை தேடித் தரும் நிறுவனம்' என்று நாம் பேச்சு வழக்கில் சொல்கின்றோம். உண்மையில் அது கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் நிறுவனம். இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் பல குடும்பங்களின் பணம் கரைகின்றது.

இத்தொழில் இழிந்த தொழிலன்று. 1992இல் சென்னையில் மாஃபா என்னும் ஆள்சேர்ப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிய பாண்டியராஜன் 2016இல் நம் அண்டைத் தொகுதியான ஆவடியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அமைச்சராகவும் இருந்தார். அந்நிறுவனத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாக நிலைத்துவிட்டது. அந்த அளவிற்கு இத்தொழில் நம்மிடையே வேரூன்றியுள்ளது.

ஆனால் இத்தொழிலில் கூலி கொடுப்பவர் முதலாளியே. ஒரு கம்பெனிக்கு ஆள் தேவைப்படுகின்றது, கன்சல்டன்சியிடம் சொல்கின்றது, ஆள் வந்து சேர்ந்தபின் கட்டணம் தருகின்றது. அக்கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது நம் நாட்டில் பரவலான வழக்கம். சேர்ந்தவர் மூன்று மாதத்திற்குள் நின்றுவிட்டால் வேறொருவரைக் கட்டணமின்றித் தேடித் தர வேண்டும் என்னும் நிபந்தனையும் பெரும்பாலும் உண்டு.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாதம் 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு புதிய பட்டதாரியைச் சேர்த்துவிட்டால் முகவருக்குக் கிடைப்பது 18,000 ரூபாய். மாதம் 1,00,000 ரூபாய் பெறும் அனுபவசாலியைச் சேர்த்துவிட்டால் கிடைப்பது 1,00,000 ரூபாய். உழைப்பு இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. மேலும், புதிய பட்டதாரி மூன்று மாதத்திற்குள் ஓடிவிடுவாரோ என்னும் அச்சம் வேறு. முகவர் எவரைத் தேடிச் செல்வார் என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளலாம்.

கம்பெனிக்கும் புதியவரைத் தேட முகவர் தேவைப்படுவதில்லை. கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவிற்கு ஒரு கடிதம் எழுதினால் நூறு மாணவர்கள் வரிசையில் நிற்பர். தெருவில் இலவசமாகக் கிடைக்கும் தண்ணீரை எவரும் காசு கொடுத்து வாங்குவதில்லை அல்லவா?

முகவரின் கையில் உள்ள வேலைகள்

அப்படியெனில் புதியவர்களுக்காகக் கன்சல்டன்சிகளிடம் வரும் நிதித்துறை வேலைகள் எவை? மொத்தமாக ஆள் தேவைப்படும் வேலைகளே அவை. தொலைபேசியில் கடன் விற்பது, கிரெடிட் கார்டு விற்பது, காப்பீட்டுப் பாலிசிக்கு ஆள் பிடிப்பது, தவணை கட்டத் தவறியவரின் வீட்டு வாசலில் நின்று வசூலிப்பது ஆகியவை பெரும்பாலானவை. ஆள் நிலைக்காத வேலைகளாதலால் ஓயாமல் ஆள் தேவைப்படுகின்றது. 'ஃபைனான்ஸ் எக்ஸிகியூட்டிவ்' என்று பெயர் மட்டும் கம்பீரமாக இருக்கும்.

நம் இல்லங்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. வட்டியை வாங்குபவர், கொடுப்பவர் ஆகியோருடன் அதனை எழுதுபவரையும் சாட்சி நிற்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்தே எச்சரித்துள்ளார்கள். வங்கிகளின் எந்தெந்தப் பணி எந்த வரம்பிற்குள் வரும் என்பதை அவரவர் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். இங்கே நான் கூற விழைவது வேறு. 'ஹஜ்ரத், அவன் வட்டி வேலைக்குப் போகமாட்டான்' என்று பெற்றோர் என்னிடம் உறுதி கூறுகின்றனர். அதே பிள்ளை கன்சல்டன்சியின் படிவத்தில் 'எந்த வேலையாயினும் சம்மதம்' என்று எழுதிக் கொடுத்து வருகின்றான். எந்த வேலையாயினும் என்றால், முகவர் தம்மிடம் காலியாக உள்ள வேலையைத்தான் தருவார். அது பெரும்பாலும் வட்டிக்கடன் விற்கும் வேலையாக அமைந்துவிடும். குற்றம் முகவருடையதன்று.

நிதித்துறை என்பது வட்டி மட்டுமன்று. வரவு செலவு எழுதுதல், தணிக்கை, உற்பத்திச் செலவுக் கணக்கு, சம்பளப் பட்டியல், வரிக் கணக்கு எல்லாம் இத்துறையைச் சேர்ந்தவையே. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிவது பற்றியும், எழுதுபவர் நீதியோடு எழுதுவது பற்றியும் பேசுகின்றது. கணக்கெழுதுபவரின் பணிக்கு இதனினும் பெரிய கண்ணியம் வேண்டுமோ?

சிறையில் சொல்லி அனுப்பிய சிபாரிசு

இடையில் நிற்பவர் எப்போது உதவுவார் என்பதற்கு நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஓர் அரிய பாடம் உண்டு. சிறையில் உடனிருந்தவர் விடுதலையாகிச் செல்லும்போது, 'உம் எசமானரிடம் என்னைப் பற்றிக் கூறும்' என்று யூசுஃப் (அலை) அவர்கள் கேட்டுக் கொண்டார்கள். அவரோ வெளியே சென்றதும் மறந்துவிட்டார். ஆண்டுகள் சில உருண்டோடின. ஒருநாள் மன்னர் கனவு கண்டார். அதற்கு விளக்கம் கூற எவராலும் இயலவில்லை. அப்போதுதான் சிறையில் கனவுக்கு விளக்கம் கூறியவரின் நினைவு அந்த மனிதருக்கு வந்தது.

யூசுஃப் (அலை) அவர்களுக்குத் தேவை இருந்தபோது அவர் நினைக்கவில்லை. தம் எசமானருக்குத் தேவை ஏற்பட்டபோது, அத்தேவைக்குரிய திறமை எவரிடம் உள்ளது என்று நினைத்தார். ஆள்சேர்ப்பு முகவரும் அவ்வாறே. அவரது நினைவில் நிற்பது நம் வறுமையன்று, நம் கைத்திறமையே. பின்னர் மன்னர் முன் சென்ற யூசுஃப் (அலை) அவர்கள் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது எடுத்துரைத்த தகுதிகள் இரண்டு: பேணிக் காப்பவர், நன்கறிந்தவர். அமானிதமும் அறிவும் இன்றளவும் கணக்குத்துறையின் தகுதிகள் அல்லவா?

தரகரில்லாத வாசல்கள்

முதல் வேலைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். நம் வாசலிலேயே தொடங்குவோம். 1960களில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் பாடியில் எழுந்தன. அவற்றை ஒட்டி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எண்ணற்ற சிறு பட்டறைகள் பெருகின. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின், பதிவு பெற்ற ஒவ்வொரு பட்டறையும் உரிய காலத்தில் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். டேலியில் பில் போடவும், வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்கவும், ஜி.எஸ்.டி. படிவம் நிரப்பவும் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இங்கே வேலை உண்டு. சம்பளம் தொடக்கத்தில் குறைவே. ஆனால் ஈராண்டு உழைத்தால் கையில் தொழில் வந்துவிடும். வீட்டிற்கு அருகில் இருப்பதால் நம் பெண்மக்களுக்கும் இது ஏற்றது. பட்டறைகளுக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகங்கள் வில்லிவாக்கத்திலும் அண்ணா நகரிலும் உள்ளன. கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே அங்கே சென்று உதவியாளராகச் சேர்ந்து பழகலாம்.

தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேர வழி பிறந்தது. இதற்கான தென்மண்டல வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது. பி.காம். படித்தவர்களில் எத்தனை பேர் இதனை அறிவர்? தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதியக் கட்டணமில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களுக்கும் கட்டணமில்லை.

மேற்படிப்பில் ஆர்வமுள்ளவர்களுக்குச் சி.ஏ. படிப்பும், காஸ்ட் அக்கவுண்டன்சி படிப்பும் உள்ளன. உரிய மதிப்பெண் பெற்ற பட்டதாரிகள் சி.ஏ.வில் இடைநிலைக்கே நேராகச் செல்லலாம். 2001 முதல் உலக வங்கியின் கணக்குப் பணிகளில் ஒரு பகுதி சென்னையிலிருந்தே நடைபெற்று வருகின்றது. உலகின் கணக்குப் புத்தகம் நம் ஊருக்கு வந்திருக்கும்போது நம் பிள்ளைகள் கடன் விற்கும் தொலைபேசியோடு நின்றுவிடலாகாது.

பொதுத்துறை வங்கிகள் பற்றி ஒரு சொல். அவற்றின் எழுத்தர், அதிகாரி பதவிகளுக்கு 2011 முதல் ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு நடத்தி வருகின்றது. ஸ்டேட் வங்கி தனியே தேர்வு நடத்துகின்றது. எழுத்தர் பதவிக்கு நேர்முகத் தேர்வுகூடக் கிடையாது. ஆகவே 'வங்கியில் ஆள் இருக்கிறார், இடம் வாங்கித் தருகிறேன்' என்று எவர் கூறினாலும் அது பொய்யே. ஐயம் வேண்டா.

வெளிநாடு என்னும் ஆசை

வளைகுடாவில் அக்கவுண்டன்ட் வேலை என்றதும் நம் வீடுகளில் நகையும் வெளியே வந்துவிடுகின்றது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளிநாட்டிற்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கத்தக்க கட்டணத்திற்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும், ரசீதும் தர வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியலை இ-மைக்ரேட் என்னும் அரசு இணையதளத்தில் பார்த்துக் கொள்ளலாம். இதைப் பாராமல் சென்றால் என்னவாகும்? தாய்லாந்தில் நல்ல வேலை என்று நம்பிச் சென்று, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியவர்களுள் 13 தமிழர்கள் மீட்கப்பட்டு 2022 அக்டோபரில் சென்னை திரும்பினர். நாளிதழ்களில் இதனைப் படித்திருப்பீர்கள்.

முகவரிடம் செல்லும் முன்

கன்சல்டன்சியிடம் செல்லவே கூடாது என்று நான் கூறவில்லை. சென்றால் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். எந்தக் கம்பெனிக்கு, எந்த வேலைக்கு, எந்த ஊரில், எவ்வளவு சம்பளத்திற்கு ஆள் எடுக்கின்றீர்கள் என்று கேளுங்கள். விற்பனையா, வசூலா, கணக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். கட்டணம் கம்பெனி தருகின்றதா என்று கேளுங்கள். நேர்மையானவர் இவற்றிற்கு விடை கூறத் தயங்கமாட்டார்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்பிற்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதே 1997ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை வகுத்த பொது விதி. மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவராதீர்கள். இணையவழியில் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவியுங்கள்.

ஈராண்டு, மூவாண்டு அனுபவம் பெற்றபின் முகவர்களைத் தாராளமாக நாடுங்கள். அப்போது உங்கள் பிள்ளையிடம் விலைமதிப்புள்ள திறமை இருக்கும். முகவரே தொலைபேசியில் அழைப்பார்.

நிறைவாக நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர், ஆலையில் கணக்குப் பார்ப்பவர், வளைகுடாவில் அக்கவுண்டன்டாக இருந்து திரும்பியவர் எனப் பலர் உள்ளனர். அவர்களின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அதன் எதிர்ப்பக்கத்தில் படிப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். மாதம் ஒருமுறை, அஸர் தொழுகைக்குப் பின், இரு சாராரையும் பள்ளிவாசல் முற்றத்தில் ஒருங்கே அமரச் செய்யுங்கள். அந்த லேத் பட்டறைத் தொழிலாளர்களின் பதினைந்தாயிரம் அவர்கள் வீட்டிலேயே இருக்கும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான வாழ்வாதாரத்தை அருள்வானாக! ஆமீன்.