பிறந்த ஊரா, செய்த காரியமா?



சோனியா காந்தி பேச்சு வந்தாலே, "அந்த இத்தாலிக்காரியா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள் சிலர். "பிரதமர் பதவியையே வேண்டாம் என்ற தியாகி" என்று முடித்துவிடுகிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சிலுமே கேட்க வேண்டிய கேள்வி அடிபட்டுப் போகிறது என்பதுதான் என் எண்ணம்.

இத்தாலியில் 1946ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்கப் போன இடத்தில் ராஜீவைச் சந்தித்து, 1968ல் மணம் முடித்து இந்திரா வீட்டுக்கு மருமகளாக வந்தார். இந்தியக் குடியுரிமை பெற்றது 1983ல். 'இத்தனை தாமதம் ஏன்?' என்று கேட்பது நியாயமே. ஆனால் குடியுரிமை கிடைத்த பிறகு, இங்கே பிறந்தவர், வாழ வந்தவர் என்று நம் சட்டம் பேதம் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. பிறப்பாலேயே குடிமகனாக இருப்பவர்தான் அங்கே ஜனாதிபதி ஆகலாம். எங்கள் ஊர் ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். முப்பது வருஷம் இருந்தாலும் அங்கே குடியுரிமை குதிரைக்கொம்புதான். அதனால் நம் சட்டத்தின் பெருந்தன்மை எங்களுக்கு நன்றாகவே புரியும்.

1991ல் ஸ்ரீபெரும்புதூரில் கணவரைப் பறிகொடுத்தபோது கட்சித் தலைமை தேடி வந்தது, மறுத்தார். 1998ல்தான் தலைவர் ஆனார். மறு வருஷமே சரத் பவார், சங்மா, தாரிக் அன்வர் மூவரும் வெளிநாட்டில் பிறந்தவர் என்று சொல்லி எதிர்த்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? 1999ல் பெல்லாரியில் சுஷ்மா ஸ்வராஜ் கன்னடம் கற்றுக்கொண்டே பிரசாரம் செய்தும், சோனியாவைத்தான் ஜெயிக்க வைத்தார்கள். அதே தேர்தலில் அவர் கட்சிக்கு 114 இடம்தான் கொடுத்தார்கள். ஆளை ஏற்றுக்கொண்டு, ஆட்சியை மட்டும் தரவில்லை. படித்தவர்களை விட ஓட்டுப் போட்டவர்கள் நிதானமாக எடை போட்டார்கள்!

2004ல் பிரதமர் நாற்காலி கைக்கெட்டியும் மன்மோகன் சிங்குக்கு விட்டுக்கொடுத்தார். அவர் தலைமையில் இருந்த தேசிய ஆலோசனைக் குழுவின் முயற்சியில் 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், நூறு நாள் வேலைச் சட்டமும் வந்தன. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். சொந்தக் கூலியைக் கையில் வாங்கிய சந்தோஷத்தைப் பக்கத்துக் கிராமங்களில் பார்த்திருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். பிரதமர் என்றால் நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். கட்சித் தலைவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாவிக்கொத்தை மருமகள் இடுப்பில் செருகிவிட்டு, பெட்டியை மாமியாரே திறந்து மூடினால், காசு குறைந்தால் யாரைக் கேட்பது? 1998 முதல் 2017 வரை தொடர்ந்து தலைமை அவரிடமே இருந்து, பிறகு மகனுக்குப் போனதே, அது சரியா? இதையெல்லாம் கேட்காமல், எங்கே பிறந்தார் என்றே இத்தனை காலம் பேசியதில் யாருக்கு லாபம்?

இது டெல்லிச் சங்கதி என்று விடாதீர்கள், சகோதரிகளே. 2022ல் நம் பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பாதி இடம் பெண்களுக்கு என்று தேர்தல் நடந்தது. வாழ வந்த பெண் நின்றால், "இவ எந்த ஊர்க்காரி?" என்கிறார்கள். கல்யாணம் ஆன பெண்களில் பாதிப்பேர் அசலூர்க்காரிகள்தானே! ஜெயித்த பிறகோ, பல ஊர்களில் நாற்காலி மனைவிக்கு, அதிகாரம் கணவருக்கு. "கையெழுத்துப் போடுவது நீங்களா, முடிவு எடுப்பதும் நீங்கள்தானா?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

சோனியா 2024ல் ராஜஸ்தானிலிருந்து மாநிலங்களவைக்குப் போய்விட்டார். அவரைப் பிடிக்கிறதோ இல்லையோ, அவர் செய்ததை வைத்து எடை போடுவோம். நம் வார்டுப் பெண்ணையும் அதே தராசில் நிறுத்துவோம். பிறந்த ஊரைத் தராசில் வைத்தால், நம்மில் யாருமே தேற மாட்டோம்!

- ஒரு வாசகி, லப்பைக்குடிக்காடு, பெரம்பலூர் மாவட்டம்.