ஆசனத்தில் அலையும் உள்ளம்

ஓசூர் ஆலைகளில் இரவுப்பணி முடித்து ராயக்கோட்டை திரும்பும் நம் இளைஞர்களில் சிலர், முதுகுவலி தீர யோகாசனம் பயில்கின்றனர். உடல் வளைகிறது, உள்ளமோ பணியிடத்திலேயே நிற்கிறது என்பது மதரஸாவுக்கு வந்து அவர்கள் நம்மிடம் கூறும் முறையீடு.

பதஞ்சலியின் நூலை வடமொழியிலிருந்து அரபுக்குப் பெயர்த்தவர் அல்பீரூனி எனும் முஸ்லிம் அறிஞர். அதுவும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்! ஆகவே இக்கலை நம் முன்னோருக்கு அந்நியமன்று. 2009-இல் இந்தோனேசிய உலமா பேரவை, மந்திரமும் சடங்கும் கலந்த யோகாவைத் தடுத்தது. வெறும் உடற்பயிற்சியைத் தடுக்கவில்லை. அவ்வரம்பே சரியென நாம் கருதுகிறோம்.

கவனத்திற்கு வருவோம். வேலைப்பாடுள்ள மேலாடையொன்று தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்ததும், நபி (ஸல்) அவர்கள் அதனை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பி, வேலைப்பாடற்ற ஆடையைக் கேட்டு வாங்கினார்கள். உள்ளத்தோடு மல்லுக்கட்டாமல், ஈர்த்த பொருளையே அகற்றினார்கள். நம்மவரோ கைபேசியை விரிப்பின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உள்ளத்தைப் பழிக்கின்றனர்!

அதனை அடுத்த அறையில் வையுங்கள். பணி முடிந்த கையோடு தொடங்காதீர்கள். உறங்கி எழுந்தபின் செய்யுங்கள். வெளியேறும் மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் வருந்த வேண்டா, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரத்தில் பத்தைத் தொடுவோர் சிலரே.