குழுவில் வரும் பாடமும் வயலில் நிற்கும் பயிரும்

புதுச்சேரிப் பிரதேசத்தில் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய கொம்யூன்களில் விதை, உரம், பூச்சி, விலை முதலியவற்றைப் பற்றிக் குடியானவர்கள் வாட்ஸப் குழுக்களிலும் முகநூலிலும் பேசிக்கொள்வது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. இதனை வீண் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் உளர். இனி விவசாய உத்தியோகஸ்தர் கிராமத்திற்கு வரவேண்டியதில்லை, கைப்பேசியே யாவற்றையும் கற்பித்துவிடும் என்போரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஒரு செய்தியைக் கேட்டவன் மறுகேள்வி கேட்கவும், சொன்னவன் அதற்கு விடை கூறக் கடமைப்படவும் ஏற்பாடிருந்தாலன்றி அச்செய்தி பாடமாகாது.

தூரத்துக் குரலைக் கேட்டுச் சாகுபடியை மாற்றிக்கொள்வது நம்மவர்க்குப் புதிதன்று. 1960-ம் ஆண்டுகளில் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவியபோது, திருச்சி வானொலியின் விவசாய ஒலிபரப்பைக் கேட்டே பலர் அதனைப் பயிரிட்டமையால், ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர். ஆயினும் வானொலி பேசும், நாம் கேட்போம். சந்தேகமுண்டானால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். அக்குறையை நீக்கத்தக்க சாதனம் இன்று நம் மடியிலிருக்கிறது.

இத்தகைய முயற்சி ஒன்று நமது பிரதேசத்திலேயே நடைபெற்றதை இளைஞர் பலர் அறியார். டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், கனடா தேசத்து நிதியுதவியுடன், 1998-ம் ஆண்டில் வில்லியனூரை நடுநிலையமாகக் கொண்டு, கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் செய்தி நிலையங்களை அமைத்தனர். மின்சாரம் அடிக்கடி நின்றமையால் சூரிய ஒளி மின்தகடுகளையும் பொருத்தினர். நிலையத்திற்குரிய இடத்தைக் கிராமத்தாரே கொடுக்கவேண்டும். அது சகல ஜாதியாரும் ஆண்பெண் இருபாலாரும் தடையின்றி வரத்தக்கதாயிருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஏம்பலத்தில் அது கோயிலைச் சேர்ந்த இடத்தில் அமைந்தது. நிலையங்களை நடத்திய தொண்டர்களிற் பெருந்தொகையினர் அவ்வவ்வூர்ப் பெண்களே.

வீராம்பட்டினத்தில் நடந்ததைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அமெரிக்கக் கடற்படையார் இணையத்தில் வெளியிடும் அலையுயரக் கணக்கை வில்லியனூரில் எடுத்துத் தமிழாக்கி அனுப்புவர். கடற்கரையில் அதனை ஒலிபெருக்கியில் கூறுவர். எழுத்தறியாத மீனவரும் வலை பழுதுபார்த்தபடியே அதனைக் கேட்டு, மறுநாள் கடலுக்குப் போகலாமா என்று தீர்மானிப்பர். அடுத்துள்ள நல்லவாட்டில், 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, முன்பு அந்நிலையத்தோடு தொடர்புற்றிருந்து பின்னர் சிங்கப்பூரிலிருந்த வாலிபர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். நிலையத்து ஒலிபெருக்கி ஊர் முழுவதையும் எச்சரித்தது. வீடுகளும் படகுகளும் அழிந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் உயிர் பிழைத்தனர். கடல் கடந்து வந்தது ஒரு சொல். ஆனால் அதனை நம்பி ஒலிபெருக்கியில் கூறத் தெரிந்த ஆட்கள் கரையில் இருந்தனர் என்பதையே நாம் கவனிக்கவேண்டும்.

இன்றைய குழுக்களில் அந்த ஆள் இல்லை. சம்பாப் பயிர் பால்பிடிக்கும் சமயத்தில், வயலின் நடுவே வட்டவட்டமாகத் தீய்ந்தாற்போல் காய்வதைக் கண்ட ஒருவர், வரப்பில் நின்று படமெடுத்துக் குழுவிற்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்க் குறைவு, நீர் கட்டுங்கள் என்பார் ஒருவர். யூரியா தூவுங்கள் என்பார் மற்றொருவர். மூன்றாமவர் எங்கிருந்தோ வந்த குறிப்பொன்றைத் தள்ளிவிடுவார். அதில் செயற்கைப் பைரித்ராய்டு மருந்தொன்றின் பெயர் இருக்கும். பயிருக்கு வந்திருப்பது புகையானாயின் இம்மூன்றும் கேடே. தேங்கிய நீரும் மிகுந்த தழைச்சத்தும் அப்பூச்சிக்கு ஏற்றவை. அவ்வகை மருந்தோ அதனைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் கொன்று, புகையான் மீண்டும் பன்மடங்கு பெருகுவதற்கு இடங்கொடுக்கும். பூச்சி இருப்பது தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே. படத்திலிருப்பதோ இலையின் நுனி. தூரைப் பிரித்துப் பார்த்தீரா என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால், நீரை வடித்துக் காயவிட்டு, யூரியாவை நிறுத்தி, பயிரைக் காத்திருக்கலாம். தவறான யோசனை சொன்னவர்க்கு நஷ்டமில்லை. கடன் வாங்கிப் பயிரிட்ட குத்தகைக்காரர்க்கே ஒரு போகம் போய்விடும்.

கடைக்காரரைக் குழுவில் சேர்க்கலாகாது என்று சிலர் வற்புறுத்துகின்றனர். நமக்கு அது சம்மதமன்று. மேற்படி வில்லியனூர்த் திட்டத்தின் தொடக்கத்தில் விசாரித்தபோதே, ஊர்க்கடையும் சந்தையும் உரம், மருந்து விற்போரும்தாம் கிராமத்தார் செய்தியறியும் முக்கிய வழிகள் என்று தெரியவந்தது. அவரை வெளியே தள்ளினால் பேச்சும் அவரோடு வெளியே போய்விடும். அவர் இருக்கட்டும், விற்பவர் என்பதை ஒவ்வொரு யோசனையிலும் தெரிவித்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் உத்தியோகஸ்தர் மௌனமாயிருப்பது தகாது. கூட்ட அறிவிப்பையும் மானியச் சுற்றறிக்கையையும் போட்டுவிட்டு நின்றுவிடும் வழக்கம், நமது இலாகாவினரையும் சேர்த்தே சொல்லுகிறோம், ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்புவதை ஒத்தது. கொம்யூனுக்கு ஒரு குழுவாவது, ஒரு நாளில் குறித்த ஒரு மணி நேரம், பெயரறிந்த ஒருவர் கேள்விக்கு விடை கூறும் இடமாயிருக்கவேண்டும். குரும்பாப்பட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாருக்கு இது இயலாத காரியமன்று. கேட்பவரும் ஊர், நெல் ரகம், நட்ட தேதி, கடைசியாக இட்ட உரம் ஆகியவற்றைச் சொல்லி, இலை, தூர், முழுவயல் என மூன்று படங்கள் அனுப்பப் பழகவேண்டும். 2018-ம் ஆண்டு கர்நாடகத்தில் முதன்முதல் காணப்பட்டு மக்காச்சோளத்தில் பரவிய அமெரிக்கப் படைப்புழுவைத் தலையிலுள்ள தலைகீழ் ஒய் வடிவக் கோட்டாலும், வால்பக்கத்தில் சதுரமாயமைந்த நான்கு புள்ளிகளாலும் அறியலாம். இவை தெரியாத படத்தைக் கொண்டு எந்த நிபுணரும் உறுதி கூறவியலாது.

குடியானவரும் கற்பிக்கத்தக்கவர் என்பதை மறக்கலாகாது. நீரை வடித்துப் பயிரைக் காத்தவர் அதனைத் தமது குரலிலேயே பதிந்து அனுப்புவாரானால், அடுத்த வரப்புக்காரர் நமது துண்டுப்பிரசுரத்தைக் காட்டிலும் அதனை விரைவில் நம்புவார்.

இன்னும் ஒன்று. நடவு நடுவோரும் களை பறிப்போரும் பெரும்பாலும் பெண்கள். கைப்பேசியோ பெரும்பாலும் புருஷன் அல்லது பிள்ளை கையில் இருக்கிறது. அன்றியும், குழுவில் சொன்னது பத்து நாளில் வாழ்த்துப் படங்களின் கீழ் புதைந்துபோகிறது. ஆகையால் வாரந்தோறும் வந்த கேள்விகளுள் ஐந்தாறைத் தேர்ந்து விடைகளோடு எழுதி, பால் சங்கத்தின் வாயிலில் ஒட்டவேண்டும். வீராம்பட்டினத்தில் செய்ததுபோல் மாலையில் ஒலிபெருக்கியிலும் வாசிக்கவேண்டும். அடுத்த சம்பா நடவிற்குள் பாகூர் கொம்யூனில் ஓர் ஊரிலேனும் இதனைத் தொடங்கிப் பார்க்கலாம். வேண்டுவன ஒரு பலகையும், எழுதத் தெரிந்த ஊர்ப்பெண் ஒருவருமே. அவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு ஊதியத்தை இலாகா கொடுக்கவேண்டும்.