மூட்டைக்குள் நடக்கும் வேதியியல்

நீராற்பகுப்பு, குறுக்கம், ஆக்சிஜனேற்றம் என்று உயிர்வேதி வினைகளை வாய்ப்பாடுபோல் ஒப்பிக்கும் மாணவர்கள், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தில் ஒரு காலைப்பொழுது நிற்கலாம். வியாபாரி நெல்லை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்ப்பார். நறுக்கென்று உடைந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் ஈரம், விலை இறங்கும். ஏன் அந்த ஈரத்துக்கு இத்தனை பயம்? கதிரில் பால் பிடிக்கையில் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோக்கப்பட்டு மாவுச்சத்தாகின்றன. மொத்தக் கணக்கில், ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. தண்ணீர் திரும்பக் கிடைத்தால் அமைலேஸ் நொதி விழித்து அதே இணைப்புகளை அறுக்கும், நெல் முளைவிடும். ஈர மூட்டைக்குள் கைவிட்டால் சூடு தெரியும். நெல்லும் அதில் குடியேறிய பூஞ்சையும் சுவாசிக்கின்றன, சர்க்கரை ஆக்சிஜனேற்றம் அடைகிறது, வெப்பம் வெளியேறுகிறது. எடையும் குறைகிறது, அது விவசாயியின் நஷ்டம். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நெல் தாங்கும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் தடித்த சுவர்களோடு நிற்கும் களஞ்சியத்தைக் கட்டியவர்களுக்கு நொதி தெரியாது, ஆனால் ஈரத்தைத் தெரியும். கோட்டை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு மாணவர்களைப் பேருந்து பேருந்தாகக் கூட்டி வருகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வேதியியல் ஆசிரியர்களே, அடுத்த முறை களஞ்சியத்தின் முன்னால் அரை மணி நேரம் பாடம் நடத்துங்கள்; கையில் ஒரு பிடி காய்ந்த நெல்லும், ஒரு பிடி ஊறிய நெல்லும் போதும்.