சூசையப்பர் ஊட்டி வளர்த்த பிள்ளை

நாசரேத்தூரில் வளர்ந்த சிறுவர் இயேசு ஞானத்தில் மட்டுமன்றி உடலளவிலும் வளர்ந்தார் என்று புனித லூக்கா தமது நற்செய்தியின் 2ஆம் அதிகார முடிவில் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஞானத்தைப் பற்றிப் பல பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். உடல் வளர்ச்சியைப் பற்றி எவரும் பிரசங்கம் வைத்ததாக நினைவில்லை, நானும் வைத்ததில்லை. ஆயினும் அந்தச் சிறு குறிப்புக்குப் பின்னால் ஒரு தச்சரின் கையுழைப்பு இருக்கிறது. தமக்குப் பிறவாத பிள்ளைக்கு, எகிப்தில் அந்நியராய்த் தங்கியிருந்த நாள்களிலும்கூட, அன்றாட உணவைத் தேடிக் கொடுத்தவர் புனித சூசையப்பர். பிள்ளையைப் பெறுவதால் மட்டும் ஒருவர் தந்தையாகிவிடுவதில்லை, அதைப் பேணும் பொறுப்பை ஏற்பதாலேயே தந்தையாகிறார் என்ற கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8ஆம் நாள் வெளியிட்ட திருத்தூது மடலில் விளக்கியிருந்தார்.

இந்த மடலை வாசித்தபோது என் மனம் நுவரெலியாத் தோட்டங்களின் லயங்களுக்குத்தான் போயிற்று. அங்கே சூசையப்பரின் பணியைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்களல்லர், வயதான பெண்கள். தாய் குவைத்திலோ சவூதியிலோ, அல்லது கொழும்பில் யாரோ ஒருவரின் சமையலறையிலோ வேலை செய்கிறாள். பிள்ளை அம்மாயியிடம், அப்பாயியிடம், சித்தியிடம். நீதிமன்றக் கட்டளையோ நன்னடத்தைத் திணைக்களத்தின் பதிவோ இல்லாத வளர்ப்புக் குடும்பங்கள் இவை. ஒருநாள் விடியற்காலையில், பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும்போதே, பொறுப்பு கைமாறிவிடுகிறது.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதை அரசாங்கம் 2013ஆம் ஆண்டில் மட்டுப்படுத்தியது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022ஆம் ஆண்டில் அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைக்க அமைச்சரவை இணங்கியது. அந்த ஒரே ஆண்டில் ஆணும் பெண்ணுமாக 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டைவிட்டு வேலைக்குச் சென்றார்கள். ஆனால் கருவில் உருவான நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரையுள்ள ஏறத்தாழ 1,000 நாள்களே மூளையும் எலும்பும் மிக வேகமாக வளரும் காலம் என்கிறது மருத்துவம். கொழும்புக்குப் போகும் தாயை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. அவளுடைய பிள்ளை அந்த 1,000 நாள்களுக்குள்ளேயே வேறு கைக்கு வந்துவிடுகிறது. மற்றத் தாயோ அந்த நாள்கள் முடிந்ததும் போகிறாள். அப்போது பிள்ளைக்குத் தாய்ப்பால் நின்றிருக்கும். தானே எடுத்துச் சாப்பிடவும் தெரியாது.

2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார மதிப்பாய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். பெருந்தோட்டங்களில் அது 32. பத்தாண்டுகளுக்கு முன்னர், 2006-07இல், தோட்டங்களில் அது 40ஆக இருந்தது. குறைந்திருக்கிறது என்று ஆறுதலடையலாம். மூவரில் ஒருவர் என்பது ஆறுதலடையத்தக்க கணக்கல்ல. இக்கணக்கில் தாயோடு வாழும் பிள்ளைகளும் அடங்குவர். குறைந்த நிறையோடு பிறப்பதும், தாயே சத்துக் குறைந்தவளாய் இருப்பதும் இதற்குக் காரணங்கள். ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைகள் நடுவில்தான் தாயும் அருகில் இல்லாத பிள்ளை வளர்கிறது என்பதை நாம் மறக்கக்கூடாது.

நோயாளிக்கு நற்கருணை கொண்டுசென்ற ஒரு நாளில், ஒரு லயக் காம்பராவின் வாசலில் அம்மாயி ஒருவர் என்னை நிறுத்தினார். “சாமி, பால்மா தீர்ந்தா தாயி ஒடனே காசு அனுப்பிடுது. புள்ளைக்கு நிறைதான் கூடமாட்டேங்குது” என்றார். அலுமாரியில் பால்மாப் பெட்டி இருந்தது, பிஸ்கட் இருந்தது, வெளிநாட்டு இனிப்புகளும் இருந்தன. காலையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கோதுமை மா ரொட்டியில் பாதியும் சீனி போட்ட சாயத் தேநீரும். பகலில் சோறும் பருப்புத் தண்ணீரும். பருப்பு? அது வேலைக்குப் போகும் மாமனுக்கு. முட்டை? பிள்ளைக்குச் செரிக்காது என்று யாரோ சொன்னார்களாம்.

அந்தத் தோட்டத்துப் பாதையிலிருந்து பார்த்தால் கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிய லொறிகள் கொழும்பை நோக்கி இறங்குவது தெரியும். நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் மாவட்டம் இது. தேயிலையும் இங்கிருந்துதான் போகிறது. ஆனால் உணவோடு பிள்ளைக்கு ஊற்றும் தேயிலைச் சாயம், உணவிலுள்ள கொஞ்ச இரும்புச்சத்தையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. கிளினிக்கில் நிறை குறைந்த பிள்ளைக்கென்று கொடுக்கும் திரிபோஷாவோ, சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டையாகி வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் பங்காகிவிடுகிறது. பகிர்ந்துண்ணும் நல்ல பழக்கமே இங்கே ஒரு குழந்தையின் பங்கைக் குறைத்துவிடுகிறது.

அம்மாயியை நான் குறைசொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து முதுகு வளைந்த பின், ஓய்வெடுக்க வேண்டிய வயதில், இரண்டாம் முறையாகத் தாயாகியிருக்கிறார். அவரிடம் அன்புக்குக் குறைவில்லை. கிளினிக்குக்கு ஏறி இறங்கக் காலில் வலுவில்லை, குடும்பநல உத்தியோகத்தர் தாய்மாருக்குச் சொல்லும் அறிவுரைகள் அவர் காதை எட்டுவதில்லை, அனுப்பும் பணத்தில் எவ்வளவு பிள்ளைக்கு, எவ்வளவு கடனுக்கு என்று முடிவெடுக்கும் உரிமையும் பல வீடுகளில் அவருக்கில்லை.

விடுதலைப் பயண நூலின் 2ஆம் அதிகாரத்தில், பார்வோன் மகள் மோசேயின் தாயையே கூலிக்கு அமர்த்தி, அவளுடைய சொந்தப் பிள்ளைக்குப் பாலூட்டச் சொல்கிறாள். நம் தாய்மாருக்குக் கிடைத்திருப்பது அதற்கு நேர்மாறான கூலி. அந்நியர் பிள்ளைக்கு நேரந்தவறாமல் ஊட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள், தம் பிள்ளை என்ன சாப்பிட்டது என்பதைத் தொலைபேசியில் கேட்டறிகிறார்கள். இவர்களை ஆலயத்தில் நின்று கண்டிப்பதும், ‘பிள்ளையை விட்டுப் போனவள்’ என்று முணுமுணுப்பதும் எனக்கு உடன்பாடில்லாத செயல்கள். போனவளைத் திட்டுவதால் பிள்ளையின் நிறை ஓர் அவுன்ஸும் கூடாது.

அதேவேளை, போதிய பணமும் உணவும் அனுப்பினால் போதும் என்று எண்ணுவதும் தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948இல், ஜேர்மனியிலிருந்த இரண்டு அநாதை இல்லங்களை எல்சி விடோவ்சன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கவனித்தார். ஓர் இல்லத்துக்கு மட்டும் மேலதிகமாகப் பாணும் ஜாமும் தோடம்பழச் சாறும் கொடுக்கப்பட்டன. அந்தப் பிள்ளைகளே கூடுதலாக வளர்வார்கள் என்று எதிர்பார்த்தார், நடந்தது வேறு. மேலதிக உணவு வந்த அதே காலத்தில், சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளைத் திட்டி அழவைக்கும் ஒரு கண்டிப்பான பொறுப்பாளரும் அந்த இல்லத்துக்கு மாறி வந்திருந்தார். மேலதிக உணவு கிடைக்காத இல்லத்துப் பிள்ளைகளே அதிக நிறை பெற்றார்கள். 1951இல் வெளியான தமது கட்டுரையில் விடோவ்சன், பகையோடு உண்ணும் கொழுத்த இறைச்சியைவிட அன்போடு உண்ணும் கீரையுணவே மேல் என்ற பொருள்படும் நீதிமொழிகள் 15ஆம் அதிகார வாக்கை நினைவூட்டியிருக்கிறார். விஞ்ஞானக் கட்டுரையொன்றில் விவிலியம் இவ்வளவு பொருத்தமாக இடம்பெற்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை. தாயைப் பிரிந்த பிள்ளை முதல் சில மாதங்களில் உண்ண மறுப்பதுண்டு. அது பிடிவாதமல்ல, துக்கம். அப்போது வாயில் திணிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, கதை சொல்லிச் சிறுகச் சிறுக, நாளுக்கு ஐந்தாறு முறை ஊட்ட ஒருவர் வேண்டும்.

ஆகவே புறப்படும் தாயிடம் நம் பங்கு மக்கள் கேட்க வேண்டிய கேள்வி, ஏன் போகிறாய் என்பதல்ல. பிள்ளைக்கு ஊட்டப்போவது யார், கிளினிக் அட்டை யாரிடம், அனுப்பும் பணத்தில் முட்டைக்கும் நெத்தலிக்கும் பயறுக்கும் கீரைக்கும் உரிய பங்கு எவ்வளவு, அது யார் கையில் என்பவையே. அன்பியக் கூட்டத்தில் இரண்டு சாட்சிகள் முன் இதைப் பேசி முடித்துவிடலாம். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது இதைவிட நுணுக்கமான விடயங்களை எல்லாம் பேசுகிறோமே! வளர்க்கும் அம்மாயிக்குத் துணையாக மாதமொருமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு நடக்க மரியாயின் சேனையில் ஒருவர் முன்வந்தால், அதுவும் அந்த வாரத்துச் சேனைப் பணியே. திருவிழாவில் ஒலிபெருக்கிக்குச் செலவிடும் தொகையை, ஒரு லயத்துப் பிள்ளைகளுக்கு வேண்டிய முட்டைகளின் விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும்படியும் ஆலயக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோபிக்க வேண்டாம்.

1 சாமுவேல் 2ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு செய்தி உண்டு. தன் மகனை ஆலயத்தில் ஏலியின் பொறுப்பில் விட்டுவந்த அன்னா, ஆண்டுதோறும் அவனுக்கு ஒரு சின்ன மேலாடை தைத்துக்கொண்டு போவாளாம். வளரும் பிள்ளை, சென்ற ஆண்டின் அளவு இந்த ஆண்டுக்குப் போதாதல்லவா? நான் மேலே சொன்ன அம்மாயியின் மகள் நத்தாருக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். அதில் நான்கு வயதுப் பிள்ளைக்கென்று கடையில் கேட்டு வாங்கிய கவுண் ஒன்று இருந்தது. பிள்ளைக்கு நான்கு வயதுதான். கவுண் கணுக்காலைத் தொட்டது. அம்மாயி ஊசியும் நூலும் எடுத்துக் கீழ்விளிம்பை ஒரு சாண் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.